முதல் சங்கு

போன வாரம் என் மகளை அண்ணாமலை நகர் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரப் போயிருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது யாரோ மல்லிகை வாசனைப் பினாயில் ஊற்றித் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். குப்பென்று வாசனை. அங்கேயே நின்றுவிட்டேன். "என்னம்மா, மூச்சு வாங்குதா?" என்றாள் மகள். மூச்செல்லாம் வாங்கவில்லை. ஸ்டெல்லா அக்காவின் தலைமுடி ஞாபகம் வந்துவிட்டது, அவ்வளவுதான். பினாயில் வாசனைக்குத் தலைமுடியை நினைக்கிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சொல்கிறேன், கேளுங்கள்.

கல்யாணமான புதிதில் கடலூரை அடுத்த குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் பேக்கிங் வேலை பார்த்தேன். பக்கத்து மேசை ஸ்டெல்லா அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கடலூர் ஓல்டு டவுனில் வீடு, இரண்டு பிள்ளைகள், விடாத இருமல். ஆலை வாசனை இருக்கிறதே, அது தனி ரகம். சோப்புப் போட்டுக் குளித்தால் சோப்பு வாசனையின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்களுக்கெல்லாம் தோலோடு நின்றது, அக்காவுக்கு நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது. "இந்த செக்‌ஷன வுட்டு ஸ்டோர்ஸ் ஆபீசுக்குப் போயிட்டா போதும்டி, பொழச்சிக்குவேன்" என்பார். அதற்கு டிகிரி வேண்டும். அக்கா பத்தாவதோடு நின்றவர். நானும்தான்.

அப்போதுதான் ஆயத்தப் படிப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அதைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறினால், பிளஸ் டூ இல்லாமலே பி.ஏ. சேரலாம். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "கொல்லப்பக்கமா ஏறிக் குதிச்சி காலேஜுக்குள்ள போறேன்னு சொல்லு" என்றார். "வாசல்ல வுடலன்னா வேற எப்புடி மாமா போறது?" என்றேன். சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சோறு வடிக்கிற வேலை அன்றிலிருந்து அவருடையது. எத்தனை வாரம் குழைய விட்டார் என்று இங்கே எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

ஞாயிறு வகுப்பு அண்ணாமலை நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஷிப்ட் முடித்த கையோடு காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்து சிதம்பரம் போவோம். நாற்றத்தை அடக்க அக்கா தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்வார். மல்லிகையும் ரசாயனமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்களைப் போல ஆலைக்காரர்கள் ஐந்தாறு பேர். நாங்களாகவே கடைசி ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவோம். திட்டக்குடியிலிருந்து ஒரு ரைஸ்மில்காரர் வருவார். "காத்து இந்தப் பக்கம் அடிக்குது, ஃபேன கொஞ்சம் நிறுத்துங்க" என்பார். "உங்க மேல மட்டும் என்ன சந்தன வாசனையா? ஊறப்போட்ட நெல்லு வாசனதான?" என்று அக்கா திருப்பிக் கொடுப்பார். நரைத்த மீசைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" சொல்கிற வகுப்பு அது. அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு எங்கும் படித்ததில்லை.

இந்த இடத்தில் ஆலையின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஷிப்ட் முடியும் முன்னால் முதல் சங்கு ஊதும். உடனே போட்டது போட்டபடி போய்க் கையைக் கழுவ வேண்டும். இரண்டாவது சங்குக்குத்தான் வெளியே போவது. அப்போதும் அடுத்த ஆள் வந்து நிற்காமல் மேசையை விட்டு நகரக்கூடாது.

பரீட்சையும் அதே பள்ளிக்கூடத்தில்தான். முடிய அரை மணி நேரம் இருக்கும்போது ஒரு எச்சரிக்கை மணி அடித்தார்கள். ஆலைக்காரர்கள் அத்தனை பேரும் பேனாவை மூடிவிட்டு எழுந்து நின்றோம். "இன்னும் அரை மணி நேரம் இருக்குங்க, உக்காருங்க" என்றார் கண்காணிப்பாளர். அசடு வழிய உட்கார்ந்தோம். அக்காவை மட்டும் காணோம். எண் வரிசைப்படி அவருக்கு வாசலோரம் இடம். மணி சத்தம் கேட்ட வேகத்தில் விடைத்தாளைக் கண்காணிப்பாளர் மேசைமேல் வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போய்விட்டார். முழங்கை வரை கழுவிக்கொண்டு திரும்பி வந்தவர், நாங்கள் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொடுத்த தாளைத் திருப்பித் தரக்கூடாது என்பது விதி. அவர் கெஞ்சவில்லை. எனக்குத்தான் கண்ணீர் மறைத்து எழுத்தே தெரியவில்லை.

நான் தேறினேன். அக்காவுக்குக் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. "நீ போயி பி.ஏ. சேருடி. எனக்காவ ஒரு வருசத்த வீணாக்காத" என்றார்.

"நீங்க வந்து நிக்காம நான் எப்புடிக்கா நவுர்றது? நம்ம ஆலை ரூல் அதுதான?"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மறுவருஷம் எழுதித் தேறினார், இருவரும் ஒன்றாகவே பி.ஏ. சேர்ந்தோம். "இன்னும் ஒரு வருசம் ஜாஸ்தியா நான் சோறு வடிக்கணுமா?" என்றதோடு என் வீட்டுக்காரரும் அடங்கிவிட்டார். பட்டம் வாங்கியதும் அக்காவுக்கு ஸ்டோர்ஸ் ஆபீஸ் வேலை கிடைத்தது. இருமலும் மெல்ல மெல்ல விட்டது.

அந்த ஆலையை மூடி வெகுநாளாகிறது. சங்கும் இல்லை, அந்த ஞாயிறு வகுப்பும் இல்லை. மகளுக்கும் முதல் வாரம் காலேஜ் பாடத்துக்கு ஆயத்தப்படுத்துகிற ஏதோ பிரிட்ஜ் கோர்ஸாம், எல்லாம் போனிலேயே. "செம போர்ம்மா" என்கிறாள். கடைசி பெஞ்சும் ஜன்னலும் இல்லாத வகுப்பு போரடிக்கத்தானே செய்யும்.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குள் எட்டிப் பார்த்தேன்; அங்கிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். ஆலை மூடியதும் வேறு கம்பெனிக்குப் போனவர், போன மாதம்தான் ஓய்வு பெற்றார்.

"அங்கயா நிக்கிற? அந்தக் குழா இருக்குதாடி?"

"இல்லக்கா, எடுத்துட்டாங்க."

"போவட்டும். நான் எம்.ஏ. சேந்துட்டேன்டி. ரிட்டயர்மென்ட்டுன்னா மொத சங்குதான? இந்த வாட்டி பேனாவ மூட மாட்டேன்."