ஆட்டு எருவுக்கு ஒரு தலைமை அலுவலகம்

எங்கள் தொழிலில் எல்லாம் இருந்தது. சரக்கு இருந்தது, உழைக்க ஆள் இருந்தது, வாங்கவும் ஆள் இருப்பதாகத் தகவல் வந்தது. விலாசம்தான் இல்லை. சரக்கு என்று நான் இவ்வளவு மரியாதையாகச் சொல்வது ஆட்டுப் புழுக்கையை.

என் வீட்டுக்காரர் ஆட்டுக்காரர். கோவில்பட்டிக்கும் கழுகுமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். வெள்ளாமை எடுத்த நிலத்தில் ராத்திரி ஆடுகளை அடைத்துப்போட்டு உரமேற்றிக் கொடுப்பதற்குக் கிடை போடுவது என்று பெயர். நிலத்துக்காரர் அதற்குக் கூலி கொடுப்பார். ஆனால் யூரியா மூட்டை வந்தபிறகு கரிசலில் கிடை கேட்க ஆள் இல்லை என்று இவர் தானாகவே முடிவு கட்டிவிட்டார். மாசி பிறந்தால் போதும், ஆடுகளை ஓட்டிக்கொண்டு தாமிரபரணிக் கரை வயல்களுக்குக் கிளம்பிவிடுவார். திரும்ப ஆவணி ஆகிவிடும். கல்யாணமான மூன்று வருஷத்தில் என்னைவிட அவருடைய ஆடுகள்தான் அவரோடு அதிக நாள் இருந்தன. எனக்கு ஆடுகள்மேல் பொறாமையாகவே இருந்தது. இதைச் சொல்ல எனக்கொன்றும் வெட்கமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு லாரி டிரைவர் எங்கள் ஊர் டீக்கடையில் சொன்ன சேதி என் காதுக்கு வந்தது. கம்பம் ஊருக்கு மேலே மலையில் ஏலக்காய்த் தோட்டக்காரர்கள் ஆட்டு எருவை லோடு லோடாக வாங்குகிறார்களாம். என் மூளை உடனே வேலை செய்தது. ஊருக்குப் பக்கத்திலேயே ஆடுகளை அடைத்து, எருவை அள்ளி லாரியில் ஏற்றிவிட்டால் இந்த மனுஷன் எதற்கு ஆற்றங்கரைக்குப் போகவேண்டும்? பத்தாவது படித்த கையெழுத்தில் ஒரு தோட்டத்துக்கு எழுதிப் போட்டேன். பதில் வந்தது. அலுவலக விலாசமும் தொலைபேசி எண்ணும் அனுப்பினால், மழைக்காலத்தில் நாங்களே போன் செய்து பேசுகிறோம் என்றிருந்தது.

எங்களுக்கு ஏது அலுவலகம்? ஆடு இன்றைக்கு ஓடைக்கு மேற்கே நின்றால் நாளைக்குக் கிழக்கே நிற்கும். வீட்டு விலாசமும் உதவாது. மழை பெய்துவிட்டால் கரிசல் மண் சைக்கிள் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், போஸ்ட்காரர்தான் சைக்கிளைச் சுமந்துகொண்டு வரவேண்டும். அவர் அவ்வளவு நல்லவர் இல்லை.

அதனால் கோவில்பட்டியில் விலாசம் தேடிப் புறப்பட்டேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சின்ன அறைக்குக் கேட்ட முன்பணத்துக்குப் பாதி ஆடுகளை விற்கவேண்டும். அப்புறம் புழுக்கைக்கு எங்கே போவது? டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பிள்ளைக படிக்கிற எடம்மா" என்றார், ஏதோ நான் ஆடுகளையே கூட்டிக்கொண்டு வரப்போகிற மாதிரி. வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸைக்கூடக் கழற்றாமல் தலையாட்டினார்.

கடைசியாக ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். உள்ளே இருந்தவர் பெரிய உடம்பும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு அண்ணாச்சி.

"வெலாசந்தானே, தரலாம். என்ன யாவாரம் பண்ணுதீங்க?"

"ஆட்டுப் புழுக்கை அண்ணாச்சி."

அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டிருந்தவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிபந்தனைகளைச் சொன்னார்.

"போன் வந்தா நான் எடுத்துப் பேசுதேன். லெட்டர் வந்தா பத்திரமா வைக்கேன். அவசரம்னா கழுகுமலை பஸ் கண்டக்டர்ட்ட சொல்லி விடுதேன். ஆனா புழுக்கை ஒண்ணுகூட இங்கன வரப்படாது. போர்டுலயும் அந்தப் பேரு வரப்படாது."

"வாடகை அண்ணாச்சி?"

"வருசத்துக்கு ஒரு கிடாக்குட்டி. எங்க கோயில் கொடைக்கு ஆச்சு."

போர்டை அவரே எழுத வைத்தார். வெறும் அலுவலகம் என்று போட்டால் ஏழ்மையாகத் தெரியுமாம். 'உர விற்பனை - தலைமை அலுவலகம்' என்று பச்சைப் பெயிண்டில் பளிச்சென்று ஏறியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"தலைமை அலுவலகமா? அங்கன யாருட்டி இருப்பா?"

"யாரும் இருக்கமாட்டாவ. அதான் அதுல விசேசம்."

தோட்டத்துக்கு விலாசம் போயிற்று. இன்ன வாரம் போன் செய்கிறோம் என்று அவர்களும் எழுதினார்கள். ஐப்பசி மழையில் பயிர் தலை தூக்கியிருந்த வாரம் அது. ஒரு காலையில் கழுகுமலை பஸ் எங்கள் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கில் நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கத்தினார்.

"ஏக்கா, அண்ணாச்சி ஒடனே வரச் சொன்னாவ. ரொம்பக் கோவமா இருக்காவ!"

போய்ப் பார்த்தால் பூத் வாசலில் ஒரே கூட்டம். எல்லார் கையிலும் காலிச் சாக்கு. அந்த வருஷம் எந்தக் கடையிலும் யூரியா இல்லை. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் உரத்துக்குத் தலைமை அலுவலகமே திறந்திருக்கிறது என்று எட்டயபுரம் வரைக்கும் பேச்சுப் பரவியிருக்கிறது.

"போர்டக் கழட்டிட்டுப் போயிரு தாயி. காலையிலருந்து ஒருத்தரும் போன் பேச உள்ள வர முடியல" என்றார் அண்ணாச்சி.

போர்டு போனால் தோட்டத்துப் போன் போகும். அது போனால் மாசியில் என் வீட்டுக்காரரும் போய்விடுவார். படியில் ஏறி நின்று கத்தினேன்.

"யூரியா இல்ல! இது ஆட்டு எரு! நாங்க ஆட்டுக்காரவிய! எல்லாரும் போங்க!"

கூட்டம் முணுமுணுத்தது. எட்டயபுரத்துப் பக்கத்து மீசைக்காரர் ஒருவர் மட்டும் முன்னால் வந்தார்.

"ஆட்டுக்காரவியன்னா, கிடை போடுதவியளா?"

"ஆமா."

அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்கவேண்டுமே! "கிடைக்கு ஆள் தேடி வருசா வருசம் அலையுதேன். ஓடைக்கு மேற்கன்னாவ, போனேன். அங்கன எருக்கஞ்செடிதான் நிக்கி. இங்கன ஆபீஸ் வச்சிக்கிட்டா உக்காந்திருக்கீங்க?"

"எங்க ஊர்லயும் கேட்டாவளே" என்றார் இன்னொருவர். "யூரியா கெடைக்காத வருசம் மண்ணு என்னத்தத் திங்கும்? மாசிக்கு எனக்குச் சொல்லிருங்க."

"மொதல்ல கேட்டது நான்" என்று மீசைக்காரர் சாக்கை உதறினார்.

கேட்க ஆள் இல்லாமல் இல்லை. கேட்க வந்தவர்களுக்கு எங்களைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். இதற்காகவா இந்த மனுஷன் மூன்று வருஷமாக ஆற்றங்கரையில் கிடந்தார்! சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. போர்டைக் கழற்றச் சொன்ன அண்ணாச்சி அதற்குள் நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டிருந்தார்.

"வரிசையில வாங்க. தலைமை அலுவலகம்னா ஒரு ஒழுங்கு வேண்டாமா?"

மாசி, பங்குனி, சித்திரை என்று ஆனி வரைக்கும் யார் புஞ்சையில் எப்போது கிடை என்று அங்கேயே பேசி முடித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, நான் பூத்தில் இருக்கும்போதே தோட்டத்துப் போன் வந்தது. அண்ணாச்சி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மாசிலருந்து எத்தன லோடு தருவீங்கன்னு கேக்காவ. என்ன சொல்ல?"

எனக்கு வேண்டியது லாரி இல்லை. என் வீட்டு ஆள்தான். அந்த ஆள் போகாமலிருக்க இனிமேல் லாரியும் வேண்டாம்.

"சரக்கு இல்லன்னு சொல்லிருங்க அண்ணாச்சி."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ரேடியோவில் செய்தி வாசிப்பவர்போல ஆரம்பித்தார். "தலைமை அலுவலகத்தில் கலந்து பேசினோம். சரக்கு முழுவதும் உள்ளூரிலேயே முன்பதிவு ஆகிவிட்டது. வருந்துகிறோம்." போனை வைத்துவிட்டு மறுபடியும் அதே சிரிப்பு.

அந்த மாசியில் முதல் கிடை எங்கள் ஊரை ஒட்டிய புஞ்சையில். மத்தியானம் இவர் கால் கழுவிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தார்.

"ஏட்டி, கொழம்புல உப்பு கூடிப்போச்சு."

மாசி மாதத்தில் என் சமையலை ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்துபோய் இன்னும் ஒரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.