காதில் செருகிய பஞ்சு

கள்ளக்குறிச்சியில் எங்கள் அத்தர் கடைக்குப் பின்னாலேயே வீடு. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது என் கணவர் அத்தரில் நனைத்த பஞ்சைக் காதுமடலில் செருகிக்கொள்வார். வாசனை என்றாலே எங்களுக்குப் பஞ்சுதான். அதனால்தான் நாலு மாத மகளுக்கு மூக்கடைத்த அன்று, கடையில் அத்தரோடு விற்கும் யூகலிப்டஸ் தைலத்தில் பஞ்சைத் தோய்த்துத் தூளிக்குள் தலைமாட்டில் செருகி வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் குழந்தை இருமி இருமி மூச்சுக்குத் திணறியது. நான் போட்ட கூச்சலில் கணவர் ஓடிவந்தார். கடையில் தைலம் வாங்க நின்றிருந்த சங்கராபுரத்துப் பெண்ணும் பின்னாலேயே வந்தாள். உள்ளே நெடி கண்ணைக் கரித்தது. அவள்தான் குழந்தையை வாரியெடுத்து வாசல் காற்றுக்குக் கொண்டுபோனாள்.

“இன்னாங்க பாத்துக்கினு நிக்கிறீங்க? ஆட்டோவ கூப்புடுங்க!”

ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்தாள். மூச்சு சீரானதும் டாக்டர், “கைக்குழந்தைக்கு இந்தத் தைலமே வேணாம். பக்கத்துலகூட வைக்காதீங்க” என்றார்.

அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானும் எங்கூட்டுக் கொழந்தைக்குத்தான் வாங்க வந்தேன்” என்றாள்.

இப்போது தைலம் கேட்டு யார் வந்தாலும் என் கணவர், “வூட்ல கைக்கொழந்தை இருக்குதாங்க?” என்று விசாரித்த பிறகுதான் பாட்டிலைத் தொடுகிறார். வெள்ளிக்கிழமைகளில் வாசலிலேயே காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கைகழுவுகிறார். அதற்குள் மகள் இரண்டு கைகளையும் நீட்டிவிடுகிறாள். இத்தனை வாசனை விற்கிற வீட்டில், அவள் தலையில் மட்டும் பால் மணம்தான்.