காற்றை மறைக்கும் கண்ணாடி

நான் அதிகம் பேசாதவன். ஐந்தாவது வரை படித்தேன். வாத்தியார் கேள்வி கேட்டதும் எழுந்து நின்றது நினைவிருக்கிறது, பதில் சொன்னது நினைவில்லை. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் இருபத்தைந்து வருடமாக கேஸ் கட்டிங் வேலை. கப்பல் தகடு, பழைய பாலத்து கர்டர், எது வந்தாலும் சாக்பீஸ் கோடு போட்ட இடத்தில் நெருப்பை வைத்து அறுத்துக் கொடுப்பேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் என் மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

ஒரே ஒரு இடத்தில் நானும் பேசுவேன். வண்டி மேல்.

மனைவியின் அக்கா நெல்லூரில் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்ததும் கிளம்புவோம். வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய முந்நூற்று ஐம்பது சிசி. மணலியில் டேங்கர் லாரிகளுக்கு நடுவே நெளிந்து போகும்போது, எண்ணெய் ஆலையின் தீக்கொழுந்து காலை வெளிச்சத்தில் வெளுத்துப்போய் ஆடிக்கொண்டிருக்கும். மூக்கைத் துளைக்கிற உர வாசனை ஆண்டார்குப்பம் வரை கூடவே வரும். பொன்னேரி கடந்து தச்சூரில் பெரிய சாலை ஏறினால்தான் காற்று நல்ல காற்றாகும். அங்கே எழுபதைத் தொடுவேன்.

எழுபதில் காற்று ஒரு சத்தமாக இருக்காது, ஒரு இடமாக இருக்கும். அதற்குள் போய்விட்டால் லாரி ஹாரன்கூட வேறு ஊரில் அடிக்கிற மாதிரி கேட்கும். கண் சாலையைப் பார்க்கும், கை பிரேக்கைப் பார்த்துக்கொள்ளும், மீதி ஆள் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பான். என் ஹெல்மெட் முகம் திறந்த வகை. வாரம் முழுக்க நெருப்பில் காய்ந்த முகத்தை அந்தக் காற்று தண்ணீர் போலக் கழுவும். அப்படி ஒருநாள் போய்க்கொண்டிருந்தபோது என் வாய் அசைவது எனக்கே தெரிந்தது. நான் பேசிக்கொண்டிருந்தேன், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவியிடம். காற்று வார்த்தையை உதட்டிலேயே பிடுங்கிக்கொண்டு போனது. அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. வியாழக்கிழமை வைத்த நெத்திலிக் குழம்பு நன்றாக இருந்தது என்பேன். பூசைக்குக் கட்டிய மஞ்சள் புடவையில் அழகாக இருந்தாய் என்பேன். தடா தாண்டியதும் அந்த ஒன்றைச் சொல்வேன்.

அந்த ஒன்று இதுதான். நான்கு வருடத்துக்கு முன் அண்ணன் வீட்டில் அவர் பெண் சர்ச்சில் முதல்முறை நற்கருணை வாங்கியதற்குப் புதுநன்மை விருந்து. பந்தல் போட்ட ஆட்களுக்காக என் மனைவி கொஞ்சம் பிரியாணியைத் தனியாக எடுத்து மூடி வைத்தாள். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார். பந்தியில் அத்தனை பேர் இருக்க, உன் ஆத்தா வீட்டில் சோற்றைப் பார்த்திருந்தால் இப்படித் திருடத் தோன்றுமா என்று கேட்டார். நான் இரண்டடி தள்ளி, ஜக்கை வைத்து டம்ளர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். டம்ளர் நிரம்பி இலையில் வழிந்தும் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அவள் அதைப்பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. மற்ற எல்லாவற்றையும் பேசுகிறவள் அதை மட்டும் பேசவில்லை. அதனால் காற்றில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கும்போதுதான் அவளுக்குக் காது குடைச்சல் வந்தது. நெல்லூர் போய் வந்தால் இரண்டு நாள் பஞ்சை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். டாக்டர், காற்று நேராக அடிக்கிற பயணம் வேண்டாம் என்றார். யார்டில் எடைமேடைச் சீட்டு எழுதுகிற தோஸ்து ஒருவன் தன் வண்டிக்கு முன் கண்ணாடி மாட்டித் திருப்பதி போய் வந்திருந்தான். அவனிடம் விசாரித்தேன்.

"சூப்பரா கீது மாமு. காத்தே இல்ல. பின்னாடி வூட்டுக்காரி பேசுறது வூட்ல பேசுற மாதிரியே கேக்குது. அந்த ஒண்ணுதான் பேஜாரு."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பேசுவது எனக்குக் கேட்டால், நான் பேசுவதும் அவளுக்குக் கேட்கும்.

விஷயம் தெரிந்து அவளும் கண்ணாடி போடச் சொன்னாள். நான் சாக்கு சொன்னேன். கண்ணாடி மாட்டினால் வண்டி பார்க்க நன்றாக இருக்காது, எதிர் வெயில் கூசும், மழையில் பாதை தெரியாது. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் நீ வண்டியில் வா, நான் ரயிலில் போகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னபடியே அடுத்த முறை ரயில் ஏறினாள்.

நான் தனியாகப் போனேன். தச்சூர் தாண்டி எழுபதைத் தொட்டதும் வாயைத் திறந்து பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. காற்று இருந்தது, சாலை இருந்தது, ஆனால் பின்சீட்டில் ஆள் இல்லாதபோது யாரிடம் சொல்வது? அவள் கேட்கவும் கூடாது, அவள் இருக்கவும் வேண்டும். அந்த நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் போல நீளமான வழியை நான் போனதே இல்லை.

திரும்பி வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அவள் காதில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன். தலையை என் மடியில் சாய்த்து, சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"உன் முதுகு பேசுது, தெரியுமா?"

நான் பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கைய வெச்சா அதிருது. வண்டி அதிர்ச்சி வேற, இது வேற. இன்னா சொல்றன்னுதான் வெளங்கல. அதான் கண்ணாடி போடச் சொல்றேன். காது ஒரு பக்கம் கெடக்கட்டும்."

வெளியே எழுந்து போனேன். கடலோரத்தில் அலைக்காகப் போட்டிருக்கிற கருங்கல் மேல் ஏறி நின்றேன். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நங்கூரம் போட்டு வரிசையாக நின்றன. எதுவும் நகர்ந்த மாதிரி தெரியவில்லை, எல்லாம் தண்ணீரில் வரைந்து வைத்தது போல இருந்தது. இத்தனை காலம் அவள் என் முதுகில் கை வைத்தபடி, புரியாத ஒன்றைக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். இனி கண்ணாடி வேண்டாம் என்றால், அவளுக்குச் சொல்ல மாட்டேன் என்று நேராகச் சொன்ன மாதிரிதான். திரும்பி வந்து, போடுகிறேன் என்றேன்.

கடையில் விற்கிற கண்ணாடியோடு வருகிற கிளாம்ப் குச்சி மாதிரி இருந்தது. இரும்பில் பிறந்து வளர்ந்த கைக்கு அது பிடிக்கவில்லை. போர்டு எழுதுகிற கடையில் நல்ல தடிமனான அக்ரிலிக் தகடு வாங்கி வளைத்துக்கொண்டேன். கிளாம்புக்கு யார்டிலேயே ஆறு எம்எம் பட்டையை அறுத்து, நான்கு இடத்தில் போல்ட் போட்டு இறுக்கினேன். யானை வந்து முட்டினாலும் அசையாது. எடைமேடைத் தோஸ்து சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"இன்னா நைனா, வண்டிக்கா, கப்பலுக்கா?"

அவன் கேட்டது எவ்வளவு சரி என்று தச்சூரில்தான் தெரிந்தது. ஐம்பதைத் தொட்டதும் ஹேண்டில்பார் உதற ஆரம்பித்தது. முன்பக்கம் அத்தனை கனம். நாற்பதுக்குக் குறைத்தால் உதறல் நின்றது. அதனால் அன்றைக்கு நாற்பதிலேயே போனோம். பஸ், லாரி, பால் வேன், எல்லாம் எங்களைத் தாண்டிப் போயின. கண்ணாடிக்குள் அவ்வளவு அமைதி. செயின் ஓடுவது கேட்டது. அவள் வளையல் ஒன்றோடு ஒன்று உரசுவது கேட்டது. கும்மிடிப்பூண்டி வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆரம்பாக்கம் வந்தது. அப்போதும் பேசவில்லை. காத்திருக்கிறாள் என்று புரிந்தது.

தடா தாண்டியது. கிழக்கே தூரத்தில் ஏரித் தண்ணீர் ஒரு கோடாக மின்னியது. வானமும் அதே நிறத்தில் இருந்ததால் கோடு எது, வானம் எது என்று பிரிக்க முடியவில்லை. வண்டி போகிறதா, நாங்கள் நின்றுகொண்டிருக்க மரங்கள் போகின்றனவா என்று ஒரு மயக்கம். அந்த மயக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

"அன்னிக்கு அண்ணன் வூட்ல... நான் கேட்டிருக்கணும். தண்ணி ஊத்திக்கினு நின்னேன். தப்பு."

முதுகில் இருந்த கை விலகியது. ஒரு கன்டெய்னர் லாரி எங்களைத் தாண்டிப் போய், அதன் நிழல் முழுவதும் கடந்து, மறுபடி வெயில் வந்தது.

"எத்தினி தபா சொல்லியிருக்க இத?"

"தெரியல. இங்க வந்தா சொல்லுவேன்."

"இங்க நான் தூங்கிடுவேன் பாதி தபா."

சிரித்தாளா என்று தெரியவில்லை. முன்னால் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். பிறகு அவள் தொண்டையைச் செருமினாள்.

"சொல்லிட்டல்ல. இப்ப நான் சொல்றேன். நடுவுல வாயத் தொறக்காத."

ஆரம்பித்தாள். அன்றைக்கு என்ன புடவை கட்டியிருந்தாள், பந்தியில் யார் யார் தலையைக் குனிந்தார்கள், யார் சிரித்தார்கள், கைகழுவும் இடத்தில் எவ்வளவு நேரம் நின்றாள், வீட்டுக்கு நடந்து வரும்போது நான் எத்தனை அடி முன்னால் போனேன், எல்லாம் சொன்னாள். நான் தண்ணீர் ஊற்றியதையும் சொன்னாள். அப்புறம் திட்டினாள். என்னை, அண்ணனை, மறுபடி என்னை. நான்கு வருடத்துத் திட்டு. என் காதுக்கும் அவள் வாய்க்கும் நடுவே காற்று இல்லாததால் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. சூளூர்பேட்டை போனதை நான் கவனிக்கவில்லை.

ஹேண்டில் உதறவில்லை. ஆனாலும் முப்பத்தைந்துக்குக் குறைத்தேன். நாயுடுபேட்டை வரும்போது அவள் இன்னும் முடிக்கவில்லை.