எலியேசர் பெயரை வாசிக்கவில்லை

நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு நெருங்கினாலே ஜேனுக்குப் பற்றிக்கொண்டு வரும். எண்பத்திரண்டு வயது. நர்சாக இருந்து ஓய்வு பெற்று மைசூர் விஜயநகரில் இருக்கிறாள். எந்த வம்புக்கும் போகாதவள் என்று பெயர். அந்த ஒரு ஞாயிறுதான் அவளுக்கு ஆகாது.

அன்றைக்கு அவள் சபையில் உலகப் போர்களில் செத்தவர்களின் பெயர்களை வாசிப்பார்கள். பெயரைக் கேட்டதும் அந்தந்தக் குடும்பத்தார் எழுந்து நிற்பார்கள். பிறகு இரண்டு நிமிடம் மௌனம். ஜேன் ஒரு வருஷம்கூட எழுந்து நின்றதில்லை. அவள் அப்பா எலியேசரும் அதே போரில் செத்தவர்தான். ஆனால் துப்பாக்கி பிடித்துச் சாகவில்லை, மண்வெட்டி பிடித்துச் செத்தார். அதற்கெல்லாம் பெயர் வாசிக்க மாட்டார்களாம். கேட்டீர்களா நியாயத்தை!

எலியேசர் மலாயாவில் ரப்பர் மரம் சீவிய கூலி. ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்கார துரை காரில் ஏறிப் பறந்துவிட்டான். கூலிகளைப் பற்றி அவனுக்கு என்ன? வந்தவனோ சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டான். மூன்று மாத வேலை, வயிறாரச் சோறு என்று கங்காணி வந்து தேனொழுகப் பேசினான். மசியாதவர்களை லாரியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போனார்கள். அப்போது எலியேசரின் மனைவி மரியா நிறைமாதம். வயிற்றில் இருந்தது ஜேன்.

போர் முடிந்தது. எலியேசர் வரவில்லை. செத்தாரா இருக்கிறாரா என்று சொல்ல ஒரு நாதியில்லை. ஜெயித்தவனும் வாய் திறக்கவில்லை, தோற்றவனும் திறக்கவில்லை. மரியா சின்னக் குழந்தையோடு கப்பலேறி வந்து, தெரிந்தவர்கள் மூலமாக மைசூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் தாயும் மகளும் முழங்காலிட்டு, அப்பாவைப் பத்திரமாகக் கொண்டுவாரும் ஆண்டவரே என்று கேட்பார்கள். ஜேன் பள்ளி முடித்து, நர்சாகி, கல்யாணமும் ஆன பிறகும் அந்த ஜெபம் நிற்கவில்லை.

ஒருநாள் தேவராஜ மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த சுப்பையா என்பவர் மரியாவை அடையாளம் கண்டுகொண்டார். அதே தோட்டத்து ஆள். எலியேசரோடு ஒரே லாரியில் போய், எப்படியோ பிழைத்து, வயதான காலத்தில் ஊர் திரும்பியவர். லாரியில் கொண்டுபோன அந்த வருஷமே எலியேசர் காலராவில் செத்துவிட்டதாகவும், செத்தவர்களை ஒரே குழியில் தள்ளி மூடியதாகவும் அவர்தான் சொன்னார். கூடவே அந்தப் பாதையில் செத்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறை கட்டிப் பூச்செடி வைத்திருக்கிறார்களாம் என்பதையும் சொன்னார்.

முப்பது வருஷம்! மண்ணுக்குள் போன மனிதனைப் பத்திரமாகக் கொண்டுவரச் சொல்லி முப்பது வருஷம் முழங்கால் தேய்ந்திருக்கிறது. அன்று சாயங்கால ஜெபத்தில் அந்த இடம் வந்ததும் மரியா எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். தாலியைக் கழற்றிவிடும்மா என்று யாரோ மெல்லச் சொன்னபோதுதான் சீறினாள்.

"எந்தத் தேதிக்குக் கழட்டணும்? எவன் சொன்னான் எனக்குத் தேதி?"

தாலியோடுதான் அவளை அடக்கம் செய்தார்கள்.

இந்த வருஷம் ஜேன் முன்கூட்டியே சபைச் செயலாளர் நீலைப் போய்ப் பார்த்தாள். ஹெப்பாளில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பையன், மரியாதை தெரிந்தவன்தான். காபி கொடுத்து உட்காரவைத்து, கன்னடம் கலந்த தமிழில் முடியாது என்று சொன்னான்:

"ஆகல்ல ஆன்ட்டி. யூனிஃபார்ம் போட்டவங்க பேரு மட்டுந்தான் படிக்கறது. இவரு லேபர்தானே?"

லேபர்தானே! ஜேன் காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டாள்.

ஞாயிறு வந்தது. பெயர்களை வாசித்தார்கள், குடும்பங்கள் எழுந்து நின்று உட்கார்ந்தன. எலியேசர் இல்லை. மௌனம் தொடங்கியது. கோவிலே மூச்சடக்கி உட்கார்ந்திருக்க, முன்வரிசையில் ஜேன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எலியேசர். சயாம் ரயில் ரோட்டு வேலையில செத்தார். நான் அவர் மக."

தலைகள் எல்லாம் திரும்பின. நீல் பதறிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்து, இது மௌன நேரம் என்று காதோடு கெஞ்சினான். ஜேன் குரலைத் தாழ்த்தவில்லை.

"எங்கம்மா செத்தவருக்காக முப்பது வருஷம் ஜெபம் பண்ணினா. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லல. மௌனம் எங்களுக்குப் பழக்கந்தான் தம்பி. இன்னிக்கு நீங்க கொஞ்சம் இருங்க."

நீல் அங்கேயே நின்றுவிட்டான். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜேன் நின்றுகொண்டே இருந்தாள்.