அத்தானின் குரல் பெட்டிகள்

என் அக்கா வேலை பார்க்கும் ரொட்டிக்கடையில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: ‘வந்துட்டேங்க’. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடுப்பின் மணி அடித்ததும், மாவு பிசைந்த கையோடு திடுக்கிட்டுத் திரும்பி, “வந்துட்டேங்க” என்று அடுப்புக்குப் பதில் சொல்லியிருக்கிறாள். கடையே விழுந்து விழுந்து சிரித்ததாம். அவளும் சேர்ந்து சிரித்தாளாம். என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது. அந்த மரியாதை யாருக்குப் போக வேண்டியது என்று எனக்குத் தெரியும்.

அத்தான் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் மேற்பார்வையாளராக இருந்தவர். சங்கு ஊதியதும் ஆட்கள் ஓடி வருவதைப் பார்த்தே வயிறு நிறைந்த மனிதர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்ததும் அதிகாரம் செய்ய ஆள் இல்லாமல் தவித்துப்போனார். மிச்சம் இருந்தது அக்கா ஒருத்திதான். அவளோ காலையில் ரொட்டிக்கடைக்குப் போய்விடுகிறாள். அப்போதுதான் அந்தப் பெட்டிகள் வந்தன.

உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. சிவப்புப் பொத்தானை அழுத்திக்கொண்டு இரண்டு வரி பேசினால் அப்படியே பிடித்துவைத்துக்கொள்ளும். நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்குக் கீச்சென்று கத்திவிட்டுப் பேசியதைத் திருப்பிச் சொல்லும். மறதிக்காரர்கள் மாத்திரை சாப்பிடுவதற்காக யாரோ நல்ல மனதோடு செய்த சாமான். அத்தான் கைக்கு வந்ததும் அது வேறு ஜென்மம் எடுத்தது. சமையலறையில் ஒன்று: “டீ எங்க? இன்னும் வரல.” கட்டில் தலைமாட்டில் ஒன்று: “எழுந்திரு. பொழுதன்னைக்கும் என்ன தூக்கம்?” குளியலறைக் கதவில் ஒன்று: “தண்ணிய ஊத்திக்கிட்டே இருக்காத, வெளிய வா.” அக்காவின் கைப்பையிலும் ஒன்று போட்டுவைத்தார். அது பஸ்ஸிலும் கடையிலும் பேசும். அணைத்தால் அன்று இரவு விசாரணை.

நான் அவருடைய தம்பியிடம் போய் முறையிட்டேன். தம்பி குடும்பம் அதே வீட்டின் மாடியில் இருந்தது. “அண்ணனுக்கு எல்லாம் ஒழுங்கா நடக்கணும், அவ்வளவுதான். இதுல என்ன தப்பு?” என்றார் அந்த மனிதர், தன் மனைவி கொண்டுவந்த டீயை வாங்கிக்கொண்டே.

சரி, இதையெல்லாம்கூட நான் மறந்திருப்பேன். எங்கள் அப்பா சாகக் கிடந்த சாயங்காலத்தைத்தான் மறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பெரியவள் மேல் அவருக்குக் கொஞ்சம் கூடுதல் பிரியம், எனக்கு அதில் வருத்தமில்லை. அப்போது கைப்பைக்குள்ளிருந்து அத்தான் கத்தினார்: “எங்க இருக்க? மணி என்னாச்சு? கிளம்பு.” பக்கத்துக் கட்டில்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. பிடித்த கையை அவரே விட்டார்.

“போம்மா. மாப்பிள்ள தேடுறாரு.”

அக்கா போனாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சோற்றைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தபோது அப்பா போய்விட்டார். நான் போன் செய்தேன். அக்கா அழுதுகொண்டே கிளம்ப, அத்தான் பின்னாலிருந்து சொன்னது போனிலேயே எனக்குக் கேட்டது: “சாப்பாட்ட எடுத்து வச்சுட்டுப் போ.”

அன்றைக்கு முடிவு செய்தேன், இந்த ஆள் ஒரு நாள் அனுபவிக்க வேண்டும் என்று. இதை யாரிடமும் மறைத்ததில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அதைவிட முக்கியம், வாய் போய்விட்டது. சொன்னால் புரிந்துகொள்வார், பதிலுக்கு ஒரு வார்த்தை வராது. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவந்து கட்டிலில் கிடத்தியபோது நானும் கூட இருந்தேன். தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து கணீரென்று வந்தது: “டீ எங்க? இன்னும் வரல.”

பேச்சிழந்த மனிதர் தன் குரலைக் கேட்டு விழித்தார். நான் பெட்டியைப் பிடுங்கி எறியப் போனேன். அக்கா தடுத்தாள்.

“விடு. இருக்கட்டும்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“அவர் வச்சதுதானே. அவரே கேக்கட்டும்.”

அத்தனை பெட்டிகளையும் கழற்றிக்கொண்டு வந்து, அவர் கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் வரிசையாக ஒட்டினாள். மறுநாள் காலையில் நான் வேண்டுமென்றே சீக்கிரம் போனேன். “எழுந்திரு. பொழுதன்னைக்கும் என்ன தூக்கம்?” என்றது சுவர். எழுந்திருக்க முடியாத அத்தான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. அதைப் பார்ப்பதற்காகவே தினமும் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். அக்கா அவரைக் குளிப்பாட்டினாள், ஊட்டினாள், ஒரு குறையும் வைக்கவில்லை. பெட்டிகளை மட்டும் அணைக்கவில்லை.

எங்கள் சந்தோஷத்தில் மண்ணைப் போட்டவள், பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண். நல்ல பெண்தான், சிரித்த முகம். சுவர் கத்தியபோது அத்தானின் உதடு அதோடு சேர்ந்து அசைவதை அவள் கவனித்துவிட்டாள்.

“யாருங்க இத மாட்டுனது? ரொம்ப நல்ல யோசனை” என்றாள். “தெனமும் அதே நேரத்துக்கு, அதே வார்த்த. அவர் வாய்க்கு இதவிட நல்ல பயிற்சி கெடைக்காது. நிறுத்திடாதீங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தண்டனை என்று நினைத்து நாங்களே அந்த ஆளுக்கு வைத்தியம் பார்த்திருக்கிறோம். ஆனால் அக்கா நிறுத்தவில்லை. வைத்தியம் என்று சொன்னபிறகு நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. அவள் அப்படித்தான். சில வாரத்தில் அத்தான் “டீ” என்றார். பயிற்சிப் பெண் கை தட்டினாள். பிறகு ஒருநாள், பெட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே, கட்டிலிலிருந்து தெளிவாக வந்தது: “டீ எங்க?”

அக்கா ஓடினாள். டம்ளரில் பாதி கீழே சிந்தியது. அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. வாய் முழுக்கத் திரும்பிவிட்டால் அவள் கதை முடிந்தது, பழையபடி செக்குமாடுதான். அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பயிற்சிப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள்.

“இதே வார்த்தைங்கதான் இருக்கணுமா? மாத்தலாமா?”

“தாராளமா மாத்துங்க. நீங்களே பேசிப் பதிவு பண்ணுங்க. அடிக்கடி எதக் கேக்குறாரோ அதான் வாய்க்கு வரும்.”

அவள் போனதும் அக்கா பெட்டிகளைக் கழற்றி மேஜைமேல் பரப்பினாள். எனக்குக் கொண்டாட்டம். ‘நான் பாவி’ என்று பதிவு பண்ணு என்றேன். ‘மன்னிச்சிடு’ பண்ணு, தினமும் நூறு தடவை சொல்லட்டும் என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

“கல்யாணமானதுலேருந்து எங்க கிளம்பினாலும் வாசல்ல நின்னு இவர் முகத்தப் பாத்திருக்கேன். ‘எப்ப வருவ?’ன்னுதான் கேப்பார். ஒரு தடவகூட வாயார வழியனுப்புனதில்ல” என்றாள்.

ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, ஒரே வரியைச் சொன்னாள். “போயிட்டு வா.” திரும்பவும் சுவரில் ஒட்டினாள். காலையில் போயிட்டு வா. டீ நேரத்தில் போயிட்டு வா. தூங்கப்போகும்போதும் அதுதான். பயிற்சிப் பெண்ணுக்குச் சந்தேகமே வரவில்லை. வருகிறவர்களை வழியனுப்ப வசதியான வார்த்தை என்று பாராட்டினாள்.

அத்தானுக்குப் புரிந்தது. முதலில் வாயை இறுக்கி மூடிக்கொண்டார், தலையைச் சுவர்ப்பக்கமே திருப்பவில்லை. ஆனால் ஷிப்ட் ஆட்கள் எத்தனையோ பேரைச் சங்கால் பழக்கியவருக்குத் தெரியாதா, சத்தத்துக்கு உடம்பு பழகிவிடும் என்று? பழகியது. கொஞ்ச நாளில் ‘டீ’ தேய்ந்து மறைந்தது. ஒரு காலையில் அக்கா கடைக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளேயிருந்து அவர் குரலிலேயே வந்தது: “போயிட்டு வா.”

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மாடிக்கு ஏறினாள். நானும் பின்னாலேயே ஓடினேன், அதைத் தவறவிட நான் என்ன முட்டாளா. தம்பியிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்தாள்.

“இனிமே உங்க அண்ணன நீங்க பாத்துக்குங்க. எல்லாம் ஒழுங்கா நடக்கணும் அவருக்கு.”

தம்பியின் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. அன்று சாயங்காலமே அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மீதித் துணிகளை எடுக்க இருவரும் போனோம். தம்பியின் மனைவி மூக்கால் அழுதாள். என்ன கேட்டாலும் அந்த ஒரே வார்த்தைதானாம். தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், வலித்தாலும் அதுதான். பார்க்க வந்த பழைய சிநேகிதர்கள், உட்காரும் முன்பே வழியனுப்புகிறார் என்று எழுந்து போய்விட்டார்களாம்.

அக்கா துணிகளைக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள். அத்தான் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் முட்டியது. எதையோ சொல்ல உதடு துடித்தது, கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. அவர் கேட்க வந்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. அவள் அவசரப்படாமல் காத்து நின்றாள்.

“போயிட்டு வா” என்றார் அத்தான்.

அக்கா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கையைப் போர்வைமேல் வைத்தாள்.

“போறேன்” என்றாள்.