கோட்டை என்றால் எந்தக் கோட்டை?

போன சனிக்கிழமை பின்னேரம். யாழ்ப்பாணக் கோட்டை வாசலில் நாங்கள் மூன்று பெண்கள் ஒரு மாப்பிள்ளைக்காகக் காத்து நின்றோம். நான், என் மச்சாள் சிந்து, அவளுடைய அம்மா... எனக்கு மாமி.

சாதகம் பொருந்திவிட்டது. படமும் பிடித்துவிட்டது. ஆனால் அச்சுவேலியில் கணிதம் படிப்பிக்கும் சிந்து ஒரே பிடியாக நின்றாள். "ஆளோடை கதைச்சுப் பாக்காமல் ஓம் சொல்லமாட்டன்."

மாமி கடைசியில் இறங்கி வந்தார். ஒரேயொரு சந்திப்பு. அதோடு பதில் சொல்லிவிட வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்தது யார் என்கிறீர்களா? நேரம் கிடைத்தால் அந்த மதிலில் நடக்க ஓடுகிற நான்தான்! வீட்டில் சந்தித்தால் பலகாரத் தட்டைப் பார்த்தே நேரம் போய்விடும். மதில் மேல் நடந்தால் கதை தானாக வரும், இல்லையா? சிந்து அவருக்கு மெசேஜ் போட்டாள்: 'சனி ஐந்து மணி, கோட்டை.'

ஐந்து மணி தாண்டியது. ஆளைக் காணோம். பிறகு போன் அடித்தது. சிந்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கை நிக்கிறியள்?" என்றார் மாப்பிள்ளை கபிலன்.

"வாசலிலை."

"நானும் வாசலிலைதான். நீலச் சேட்டுப் போட்டிருக்கிறன்."

எட்டிப் பார்த்தோம். நீலச் சேட்டு ஒன்று இருந்தது — ஐஸ்கிறீம் விற்கிற ஐயா!

அந்த நேரம் போனுக்குள் ஒலிபெருக்கிச் சத்தம். தெற்கே காலி நகருக்குப் போகும் ரயில் புறப்படப் போகிறதாம். யாழ்ப்பாணத்தில் எப்போதப்பா காலி ரயில்?

கபிலன் நின்றது கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில்! பாவம், குறை சொல்லவும் முடியாது. அவருக்கு வேலை கொழும்பில். சிந்துவும் மாதா மாதம் பயிற்சி வகுப்புக்குக் கொழும்பு போகிறவள். ரயிலேறிப் போகிற எங்களுக்குக் 'கோட்டை' என்றால் இறங்கும் இடம்தானே.

மாமி விடவில்லை. "உவருக்குக் கோட்டை எது எண்டே தெரியேல்லை. உவரை நம்பி என்னண்டு பிள்ளையைக் குடுக்கிறது? வாங்கோ, வீட்டை போவம்."

சிந்துவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. போனை வாங்கினேன்.

"அண்ணை, வீடியோவைப் போடுங்கோ. உங்கடை கோட்டையைக் காட்டுங்கோ பாப்பம்."

காட்டினார். சனக்கூட்டம், டிக்கெட் வரிசை, வடைக் கூடை.

"மதில் எங்கை?"

"இல்லை."

"அகழி?"

"அதுவும் இல்லை."

"பிறகென்ன கோட்டை?"

"பேர்தான் தங்கச்சி!"

உண்மைதான். கொழும்பின் மதில்களை ஆங்கிலேயர் காலத்திலேயே இடித்துவிட்டார்கள். நான் போனைத் திருப்பி எங்களுடையதைக் காட்டினேன். காட்டத் தொடங்கினால் வாய் நிற்குமா?

போத்துக்கீசர் கட்டியது. ஒல்லாந்தர் ஐந்து முனை வைத்து நட்சத்திரம்போல் விரித்தது. ஆங்கிலேயர் சண்டையில்லாமலே வாங்கிக்கொண்டது. பிறகு எங்கள் காலத்து யுத்தம்... முற்றுகை, குண்டு, முள்ளுக்கம்பி. உள்ளே இருந்த தேவாலயம் கற்குவியலானது. மதிலும் சிதைந்தது. அதைத்தான் திரும்ப எழுப்பியிருக்கிறார்கள். நிலத்தைத் தோண்டியபோது சீனத்துப் பீங்கான் துண்டுகளும் வந்தனவாம் — போத்துக்கீசருக்கு முன்பே உலகம் எங்கள் கரைக்கு வந்து போயிருக்கிறது!

மதிலைத் தொட்டுப் பாருங்கள். கடலில் விளைந்த முருகைக்கல். கட்டளை யாருடையதோ... கல் எங்கள் கடலுடையது, சுமந்த தோள் எங்கள் சனத்துடையது. 'ஒல்லாந்தர் கோட்டை' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது சும்மாவா? இன்றைக்குப் பீரங்கி நின்ற இடத்தில் சப்பாத்துப் போட்ட அன்ரிமார் நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தை விரட்டி நடக்கிறார்கள். காவல் நின்ற மூலையில் செல்பி எடுக்கிறார்கள்.

கபிலன் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார்.

"நானும் யாழ்ப்பாணம்தான், அளவெட்டி, தங்கச்சி," என்றார் கபிலன் மெதுவாக. "சின்னனிலை பஸ்ஸாலை எட்டிப் பாத்ததுதான். அப்ப ஆமிக் காம்ப். ஒரு நாளும் உள்ளுக்கு வரேல்லை." பிறகு கேட்டார். "சிந்து... நாளைக்கும் நிப்பியளோ? இப்பவே பஸ் எடுத்து வாறன்."

சிந்து மாமியைப் பார்த்தாள். மாமி அகழியைப் பார்த்தார்.

"சரி... வரட்டும்."

ஞாயிறு பின்னேரம் எங்களுக்கு முதலே வந்து நின்றார் மனுசன். அதே நீலச் சேட்டு! இரண்டு பேரும் மதிலில் ஏறினார்கள். ஒரு சுற்று முடிந்தது. இறங்குவார்கள் என்று பார்த்தால் இரண்டாவது சுற்று.

"என்னடி, கதைக்கிறாங்களோ, கோட்டையைப் பிடிக்கிறாங்களோ?" என்றார் மாமி.

ஒருவழியாக இறங்கி வந்தார்கள். மாமி கண்ணாலேயே கேட்டார். சிந்து சிரித்தாள்.

"ஓம், அம்மா."

மாமி கபிலன் பக்கம் திரும்பினார். "தம்பி, கலியாணம் நல்லூரிலை. நல்லூர் எண்டால் யாழ்ப்பாணத்து நல்லூர்!"

எத்தனையோ பேர் கேட்காமலே புகுந்த கோட்டை இது... ஒருவர் கேட்டுவிட்டு வந்தார், ஓம் கிடைத்தது!