ஆமை ஓட்டிய நீளக் கார்

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் ஆமை. பள்ளிக்கூட பஸ்ஸை அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அதே மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக் ரேஸில், இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று நேர்கோட்டில் பாயும் பந்தயத்தில், கார் ஓட்டுகிறார் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

ஒரு பந்தயத்தின் முடிவில் டயர் வெடித்துக் கார் உருண்டது. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு பிழைத்தார். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு கோபமோ பயமோ சந்தோஷமோ எதுவும் அவர் மேல் ஒட்டவில்லை. அவர் மனைவி வீட்டுக் காரைப் பின்னால் எடுக்கும்போது கேட்டில் இடித்து விளக்கை உடைத்துவிட்டாள். வந்து பார்த்தவர், "சரி" என்றார். முன்பென்றால் வீடு ரெண்டாகியிருக்கும். அவர் கத்தாததுதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுபடி ஓட்டலாம் என்று பேச்செடுத்தது அவள் தம்பி. லேத் பட்டறை வைத்திருப்பவன்.

"பெரிய எட்டு சிலிண்டர் இன்ஜினா போடுவோம் மாமா. சத்தத்திலயே பக்கத்து கார்க்காரனுக்குக் கை கால் உதறணும்."

முன்பு அவரும் சத்தத்தைக் கேட்டு மயங்குகிற ஆள்தான். இந்தத் தடவை மயங்க ஒன்றுமில்லாததால் கணக்குப் போட்டார். அவர்கள் ஓட்டும் பந்தயத்தில், காரின் எடையை இன்ஜினின் குதிரைத்திறனால் வகுத்து வகுப்பு பிரிப்பார்கள். அந்தக் குதிரைத்திறன் பந்தய சங்கம் வைத்த எண். சில இன்ஜின்களுக்கு அந்த எண் குறைவு, உள்ளே இருக்கும் பலம் அதிகம். அப்படி ஒரு இன்ஜினும் அதற்குத் தோதான காரும் அமைந்தால் போதும்.

அவர் எடுத்தது ஒரு சாதுவான ஆறு சிலிண்டர். காரோ, பின்பக்கம் நீண்டு கிடக்கும் பழைய குடும்பக் கார்.

"மாமா, இது காய்கறி வாங்கப் போற வண்டி!"

"பின்னாடி கனம் இருக்குல்ல. கிளம்பும்போது சக்கரம் வழுக்காது."

மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டைக் கடைந்தான். வால்வுகளை ஒவ்வொன்றாக உட்கார வைத்தான். மழைக்காலம் முழுக்க அதில் போனது. ஓட்டிப் பார்த்த அன்று அவனே கைதட்டினான். குடும்பக் கார் அப்படிப் பாய்ந்தது.

"ஒண்ணே ஒண்ணு மாமா. ரொம்ப வேகமா போனா சங்கத்துக்காரங்க நம்ம இன்ஜினோட எண்ணை ஏத்திடுவாங்க. ஜெயிக்கிறது தெரிஞ்சதும் ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க."

"சரி."

பந்தயத்தன்று பக்கத்துக் கார் பாதி வழியிலேயே பின்தங்கிவிட்டது. அவர் காலை எடுக்கவில்லை. கோடு தாண்டும் வரை அழுத்தியபடியே இருந்தார். ஜெயித்தார். மச்சான் ஓடிவந்தான், கட்டிப்பிடிக்க அல்ல.

"ஏன் மாமா எடுக்கல?"

"எடுக்கணும்னு தோணல."

"பயமா இல்லையா? சந்தோஷமாவது இருந்துச்சா?"

அவர் யோசித்தார். "தெரியல மாப்ள."

அடுத்த மாதம் சங்கம் எண்ணை ஏற்றிவிட்டது. பழைய வகுப்பில் நிற்க வேண்டுமானால் காரில் கனம் ஏற்ற வேண்டும். ஏற்றினால் வேகம் போய்விடும். ஒரு மழைக்கால உழைப்பு தண்ணீரில் போனது. மச்சான் சமையலறையில் வந்து உட்கார்ந்து அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னான்.

"நான் கத்துனதுக்குத் திருப்பித் திட்டவாவது செய்யுங்கன்னேன் அக்கா. 'சரி'ங்கறார்."

"என்கிட்டயும் அதேதான்டா."

பட்டறைக்கு அவன் இரண்டு வாரம் அவரை அழைக்கவில்லை. அவராகவே போனார். அதே காருக்கு வேறொரு கார்புரேட்டர் வைத்த இன்ஜினைச் சொன்னார். சங்கத்தின் கண் இன்னும் படாத ஜோடி. மச்சான் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி லேத்தை ஓடவிட்டான்.

அந்தக் காரை அவர்கள் பல வருஷம் ஓட்டினார்கள். சில தடவை ஜெயித்தார்கள், பல தடவை தோற்றார்கள். இரண்டுக்கும் அவர் முகம் ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு தோற்றுவிட்டு வந்தவர், பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னிக்கு ரேஸ் ஆரம்பிக்கிற பச்சை விளக்கு எரியறதுக்கு முன்னாடி முழங்கால் நடுங்குச்சு."

அவள் குழாயை மூடினாள். "பயமா?"

"அப்படித்தான் போல."

ஈரக் கையோடு அவர் முழங்கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். எதிரில் தானும் உட்கார்ந்தாள். "எப்படி இருந்துச்சு, சொல்லுங்க" என்றாள்.